‘நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு இப்படித்தான்’: வான் வில்லிபிராண்ட் நோய், ஓர் எளிய அறிமுகம்

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஹாலில் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். மும்பையில் நல்ல நாள் பார்ப்பதைவிட ஹால் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்பதுதான் முக்கியம். அப்படி அமைந்த ஞாயிறு, அவள் வயசுக்கு வந்த பதினாறாவது நாள். ரத்தம் இன்னும் நின்றபாடில்லை. தீட்டுக் கழிக்கிற சடங்கு, தீட்டு நிற்காமலே நடந்தது. என் தம்பி திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்தான். எல்லோரும் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் மகளுடைய புடவையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரக்குச் சிவப்பில் புடவை எடுத்ததே அதற்காகத்தான்.

“எதுக்குட்டி பதறுத? எனக்கெல்லாம் பத்து நாளு. உனக்கும் அப்படித்தான. நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு இப்படித்தான்” என்றாள் அம்மா.

தைரியம் சொல்லத்தான் சொன்னாள். நானும் தைரியமாகிவிட்டேன். நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான துப்பு கிடைக்காது என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

அந்த இரண்டு வருஷமும் இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. நாங்கள் காட்டிய கிளினிக்கில், “புதுசா வயசுக்கு வந்த பிள்ளை, ஹார்மோன் நிலைக்கு வரலை, போகப் போகச் சரியாகும்” என்றார்கள். இது பொய்யும் இல்லை. வயசுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. அப்போது டியூட்டியில் இருந்த ஒரு இளம் பெண் டாக்டர்தான் வேறு மாதிரி கேட்டார்: “பீரியட்ஸை விடுங்க. உங்க வீட்ல வேற யாருக்காவது, மூக்குல, பல்லுல, பிரசவத்துல, எங்கேயாவது ரத்தம் நிக்காம இருந்திருக்கா?”

சொல்ல ஆரம்பித்தால் எனக்கே ஆச்சரியம். தம்பிக்குச் சின்ன வயசில் அடிக்கடி சில்லுமூக்கு உடையும். உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று தலையணை உறை முழுக்க ரத்தம். பிரசவம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்து, மூன்றாவது வாரம் திடீரென்று கொட்டி மறுபடி அட்மிட் ஆனேன். அம்மாவுக்குப் பத்து நாள். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் தனித்தனிக் காரணம் இருந்தது: சூடு, பல் டாக்டரின் கை சரியில்லை, பத்தியம் இருக்கவில்லை. டாக்டர் எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு, கோடு இழுத்து எழுதினார். ஒரே குடும்பம், மூன்று தலைமுறை, ஒரே கோடு.

நோயின் பெயர் வான் வில்லிபிராண்ட். பிறப்பிலேயே வரும் ரத்தப்போக்கு நோய்களில் உலகத்தில் அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். எல்லோருக்கும் பேர் தெரிந்த ஹீமோஃபிலியா எண்ணிக்கையில் இதற்குப் பின்னால்தான் வரும். ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்தப் புரதம் குறைவாக இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் போகிற அளவுக்குத் தொந்தரவு வருவது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். நான் டாக்டர் இல்லை, செம்பூரில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். மூன்று வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், ரத்தம் எப்படி நிற்கிறது?

‘ரத்தம் உறைகிறது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு வேலை. முதல் வேலை, காயம் பட்ட ஓட்டையைத் தட்டணுக்கள் அடைப்பது. டெங்கு வந்தால் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று கேட்கிறோமே, அதே தட்டணுக்கள். இரண்டாவது வேலை, அந்த அடைப்பின் மேல் ஃபைப்ரின் என்கிற நார் வலை பின்னி இறுக்குவது. இரண்டாவது வேலைக்கு ஒரு டஜன் புரதங்கள் வரிசையாக ஒன்றை ஒன்று தட்டி எழுப்ப வேண்டும். ஹீமோஃபிலியாவில் கெட்டுப்போவது இந்த வரிசை. எங்கள் வீட்டில் கெட்டது முதல் வேலை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுவும் சின்னக் குழாய்களில் படுவேகமாக. அந்த வேகத்தில் அடித்துப் போகிற தட்டணு, காயத்தின் முன்னால் எப்படி நிற்கும்? மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கனமழையில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் இடுப்புக்கு வரும்போது, யாராவது ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிற ஆள் அந்தக் கயிற்றை எட்டிப் பிடிப்பார். அவரை இன்னொருவர் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஒரு கூட்டமே நிற்கும். வான் வில்லிபிராண்ட் புரதம்தான் அந்தக் கயிறு. ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களும் தட்டணுக்களின் தாய்ச்செல்களும் இதைத் தயாரித்து வைத்திருக்கின்றன. மனித உடம்பில் உள்ள மிக நீளமான புரதச் சங்கிலிகளில் இது ஒன்று. சும்மா இருக்கும்போது நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். குழாய் கிழிந்ததும், ஒரு முனையில் கிழிசலைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் இழுக்க இழுக்க அவிழ்ந்து நீளும். ஓட்டம் எவ்வளவு வேகமோ அவ்வளவு நன்றாக விரியும்.

கயிறு குட்டையாக இருந்தால், இற்றுப்போயிருந்தால், அல்லது கட்ட ஆளே வரவில்லை என்றால்? தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவே இல்லாமல், காயத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிளேட்லெட் ரிப்போர்ட் மட்டும் நன்றாக இருக்கும். மகளுடைய ரிப்போர்ட்டில் பிளேட்லெட் இரண்டரை லட்சத்துக்கு மேல். அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தேன்.

கயிற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எட்டாம் காரணி என்று ஒரு புரதம், மேலே சொன்ன வலை பின்னுகிற வரிசையில் வருவது. அதற்குத் தனியாக நடமாடத் தெரியாது. இந்தப் புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டேதான் ரத்தத்தில் சுற்றும். கை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதனால் வில்லிபிராண்ட் மிக மிகக் குறைந்தவர்களுக்கு எட்டாம் காரணியும் சேர்ந்து விழுந்து, ஹீமோஃபிலியா மாதிரி மூட்டுக்குள்ளும் ரத்தம் கசியும். மற்றவர்களுக்கு ரத்தம் வருவது பெரும்பாலும் ஈரமான மெல்லிய தோல் உள்ள இடங்களில்: மூக்கு, ஈறு, குடல், கருப்பை. தொட்டால் கன்றிப்போகிற நீலத் திட்டுகளும் உண்டு.

கருப்பை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோயின் மரபணு 12-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதாவது ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாக வரும். ஆனால் ஆணுக்கு மாதாமாதம் ஒரு சோதனை இல்லை. தம்பிக்கு வயசாக வயசாகச் சில்லுமூக்கு நின்றுவிட்டது, அவன் மறந்தே போனான். பெண் மாதத்துக்கு ஒரு முறை இந்த நோயோடு மல்லுக்கட்டுகிறாள். நம் வைத்தியத்தில் இதற்குப் ‘பெரும்பாடு’ என்று பெயரே வைத்திருந்தார்கள். அதிக மாதவிலக்கு உள்ள பெண்களைப் பற்றிய பல ஆய்வுகளை 2004-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு வான் வில்லிபிராண்ட் நோய் இருந்தது.

இந்த நோய் முதன்முதலில் எழுத்தில் வந்ததும் ஒரு சிறுமியால்தான். பின்லாந்துக்குச் சொந்தமான ஆலந்துத் தீவுகளிலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஹெல்சிங்கிக்கு அழைத்து வந்தார்கள். அவளுடைய சகோதரிகளில் சிலர் ஏற்கெனவே ரத்தம் போயே இறந்திருந்தார்கள். அவளைப் பார்த்த எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டர் குடும்பத்தையே விசாரித்துக் கோடு போட்டார். விசாரித்த 66 பேரில் 23 பேருக்கு ரத்தப்போக்கு. ஹீமோஃபிலியா என்றால் ஆண்களைத்தானே தாக்க வேண்டும், இங்கே பெண்கள் இத்தனை பேர் எப்படி என்று யோசித்து, இது வேறு நோய் என்று 1926-இல் எழுதினார். அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில், தன்னுடைய நான்காவது மாதவிலக்கில் இறந்துபோனாள். இதைப் படித்த அன்று ராத்திரி எழுந்து போய் மகள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சரி, வகைகளுக்கு வருவோம். டைப் 1: கயிறு நல்ல கயிறுதான், அளவு குறைவு. நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான், எங்களுக்கும் இதுதான். டைப் 2: அளவு பரவாயில்லை, கயிற்றின் தரம் சரியில்லை. இதற்குள் 2ஏ, 2பி, 2எம், 2என் என்று உட்பிரிவுகள் உண்டு. மருந்து மாறும் என்பதால் டாக்டருக்கு அது முக்கியம், நமக்கு ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். டைப் 3: கயிறே இல்லை. மிக அபூர்வம், மிகக் கடுமை.

டைப் 3 பற்றி நம் ஆட்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒவ்வொரு மரபணுவிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. டைப் 1-க்குப் பெரும்பாலும் ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும். அதனால் அம்மா அல்லது அப்பா ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. டைப் 3 வர இரண்டு பிரதிகளுமே கெட்டிருக்க வேண்டும். வெளியில் சம்பந்தம் செய்தால், அதே மரபணு கெட்ட இன்னொரு ஆளைச் சந்திப்பது அபூர்வம். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டினால், ஒரே தாத்தாவின் கெட்ட பிரதி இரண்டு பக்கமும் இறங்கி வந்து ஒரே தொட்டிலில் சேர வழியிருக்கிறது. இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கல்யாணம் நடக்கிற சமூகங்களில் டைப் 3 அதிகம் தென்படுவது இதனால்தான்.

என் தம்பி மகன்மேல் அம்மாவுக்கு ஒரு கண். முறைப்பையன். சடங்கு ஹாலிலேயே பேச்சை எடுத்தாள். பத்தாவது படிக்கிற பிள்ளையை யாருக்குக் கட்டுவது என்று பேசுவதே எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. ஆனால் இந்தக் கோடு போட்ட தாளைக் காட்டியதும், முதல் தடவையாக அம்மா பதில் சொல்லவில்லை. தம்பியையும் அவன் மகனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

டெஸ்டுதான் இந்த நோயில் பெரிய தலைவலி. ஆபரேஷனுக்கு முன்னால் பி.டி., சி.டி. என்று இரண்டு பார்ப்பார்களே, குத்தி எத்தனை நிமிஷத்தில் ரத்தம் நிற்கிறது, எத்தனை நிமிஷத்தில் உறைகிறது என்று. இரண்டும் நார்மல் என்று வந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. லேசான வில்லிபிராண்ட் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கேட்க வேண்டியது மூன்று: வில்லிபிராண்ட் புரதம் எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு வேலை செய்கிறது, எட்டாம் காரணி எவ்வளவு. வேலை செய்கிறதா என்று பார்க்கப் பல காலமாகப் பயன்படுவது ரிஸ்டோசெட்டின் என்ற பொருள். அது ஒரு காலத்தில் கிருமிக்கொல்லி மருந்து. நோயாளிகளின் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குறைத்துவிட்டதால் கைவிடப்பட்டது. வில்லிபிராண்ட் இல்லாதவர்களின் ரத்தத்தில் மட்டும் அந்த ஒட்டல் நடக்கவில்லை என்று 1971-இல் கவனித்தார்கள். மருந்தாக உதவாமல் போனது டெஸ்டாக வாழ்கிறது.

மும்பையில் இந்த வகை நோய்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது: பரேலில் கேஈஎம் ஆஸ்பத்திரி வளாகத்தில், ஐசிஎம்ஆரின் தேசிய ரத்த எதிர்ப்பியல் நிறுவனம். நமக்கு அது அதிர்ஷ்டம். ஏனென்றால் இந்த ரத்தத்தை எடுத்த இடத்திலேயே சீக்கிரம் பிரித்துப் பார்ப்பது நல்லது. இளநீல மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். முழு ரத்தத்தை ஐஸில் வைத்து அனுப்பினால் புரதம் குறைந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. மன அழுத்தம், காய்ச்சல், ஓட்டம், கர்ப்பம், சில ஹார்மோன் மாத்திரைகள் எல்லாமே இந்தப் புரதத்தை ஏற்றிக் காட்டும். மகளுக்கு முதல் தடவை 56 என்று வந்தது. சாதாரணமாக 50-இலிருந்து 200 வரை இருக்கும் என்பதால், “நோய் இல்லையே” என்று நான் கிளம்பிவிட்டேன். “அன்னைக்கு எப்படி வந்தீங்க?” என்று கேட்டார் டாக்டர். பீக் அவர் லோக்கலில் நசுங்கி, லேட்டாகிவிட்டது என்று படிக்கட்டெல்லாம் ஓடி, ஊசியைப் பார்த்து அவள் அழுது, அப்புறம் எடுத்த ரத்தம் அது. இன்னொரு நாள் அரை மணி நேரம் உட்காரவைத்து எடுத்தபோது 28. 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டியின்படி 30-க்குக் கீழே என்றால் நோய்தான். 30-க்கும் 50-க்கும் நடுவில் இருந்து, ரத்தப்போக்கும் இருந்தால் அதுவும் நோய்தான். எனக்கு 37. நாற்பத்து நான்கு வயதில் எனக்கும் ஒரு ஃபைல் போட்டார்கள்.

கர்ப்பத்தில் ஏறும் என்றேன் அல்லவா? என் பிரசவக் கதைக்கு விளக்கம் அதுதான். கடைசி மாதங்களில் புரதம் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்ததால் பிரசவம் சுலபமாக முடிந்தது. அடுத்த வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கியதும் கொட்டியது. பாவம், பத்தியம் வைக்கவில்லை என்று என் மாமியார் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் யார் பொறுப்பு?

ரத்த வகையும் இதில் மூக்கை நுழைக்கிறது. ஓ வகைக்காரர்களுக்கு இந்தப் புரதம் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. ரத்த வகையைத் தீர்மானிக்கிற சர்க்கரைத் துணுக்குகள் இந்தக் கயிற்றின் மேலும் ஒட்டியிருக்கின்றன. அவை இருந்தால் கயிறு சீக்கிரம் அறுபடாது. ஓ-விடம் அந்தத் துணுக்கு ஒன்று குறைவு. அதைவிடவும் ஒன்று குறைந்த வகை இந்த ஊரில்தான், 1952-இல், டாக்டர் பெண்டே குழுவினரால் கண்டுபிடிக்கப்பட்டது: பாம்பே ரத்த வகை. எல்லா வகைகளையும்விட வில்லிபிராண்ட் அளவு தாழ்ந்திருப்பது அவர்களுக்குத்தான். அதற்காக ஓ வகைக்காரர் யாரும் பயப்பட வேண்டாம். குறைவு வேறு, நோய் வேறு.

மருந்து? எங்களுக்கு வாழ்க்கையை மாற்றியது டிரானெக்சாமிக் ஆசிட் என்ற சாதாரண மாத்திரை. அது ரத்தத்தை உறையவைப்பதில்லை, உறைந்ததை உடம்பு கரைத்துவிடாமல் காக்கும். ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் 1962-இல் உருவாக்கியது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களை மனதில் வைத்து அவர் தேடிய மருந்து. மாதவிலக்கின் முதல் நாட்களில் மட்டும் மகள் எடுத்துக்கொள்கிறாள். கணக்கு எழுதுகிறவள் என்பதால், நாப்கின் எவ்வளவு நனைகிறது என்று மதிப்பெண் போடுகிற அட்டவணையை நான்தான் மாதாமாதம் கூட்டினேன். அதில் 100 தாண்டினாலே அதிகம் என்று அர்த்தம். மாத்திரைக்கு முந்தைய மாதம் 340. போன மாதம் 115.

பல் பிடுங்கல், சின்ன ஆபரேஷன் என்றால் டெஸ்மோபிரெசின் உண்டு. அது குழாய்ச் சுவரில் சேமித்து வைத்த புரதத்தை வெளியே தள்ளிவிடும். எல்லோருக்கும் கேட்காது என்பதால் முன்கூட்டியே ஒரு தடவை கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுத்த நாளில் தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் உப்பு இறங்கிவிடும். டைப் 3-க்கு இதில் பயனில்லை, சேமிப்பே இல்லாதபோது எதைத் தள்ளுவது? அவர்களுக்கு, பெரிய ஆபரேஷன் என்றால் மற்றவர்களுக்கும், வில்லிபிராண்ட் புரதம் கலந்த காரணி மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். எட்டாம் காரணி மட்டும் உள்ள ஊசி இதற்குப் போதாது. அவசரத்தில் இதைச் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நாமே கெடுத்துக்கொள்வது வலி மாத்திரையில்தான். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மாதவிலக்கு வயிற்றுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்குகிற மெஃபனமிக் ஆசிட் எல்லாமே தட்டணுக்களை மந்தமாக்கும். கயிறும் இல்லை, பிடிக்கிற கையிலும் பலமில்லை என்றால் என்ன ஆகும்? என் மகள் எட்டாம் வகுப்பு முழுக்க அந்த மாத்திரையைப் போட்டிருக்கிறாள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பாராசிட்டமால் போடலாம்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்று தோழிகள் கேட்பார்கள். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போவது, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒரு தடவை நாப்கின் மாற்றுவது, பத்து ரூபாய் நாணயத்தளவு ரத்தக் கட்டிகள், ராத்திரி படுக்கைக்கு ரப்பர் ஷீட், பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், எத்தனை டானிக் குடித்தாலும் ஏறாத ஹீமோகுளோபின். இதில் இரண்டு மூன்று ஒரே ஆளுக்கு, அல்லது ஒரே குடும்பத்தில் இருந்தால், ரத்தநோய் டாக்டரிடம் பேரைச் சொல்லியே கேட்கலாம், தப்பில்லை.

போன தீபாவளிக்கு அம்மா வந்திருந்தாள். எழுபத்தொரு வயது. “எனக்கும் பாத்துரு, உன் சந்தேகம் தீரட்டும்” என்று அவளே பரேலுக்குக் கிளம்பினாள். ரிப்போர்ட் வந்தது: 92. வாங்கிய கையோடு, “பாத்தியாட்டி? எனக்கு ஒண்ணும் கெடையாது. உங்க அப்பா வீட்டுச் சங்கதி இது” என்று ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

வயசு ஏற ஏற இந்தப் புரதமும் தானாகவே ஏறும். இருபத்தைந்து வயதில் அவளுக்கு எவ்வளவு இருந்தது என்பதை எழுபத்தொரு வயது ரத்தம் சொல்லாது. டாக்டர் அதை அவளிடம் இரண்டு தடவை பொறுமையாக விளக்கினார். அம்மா ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.